பள்ளிக்கூட வீடும் மஞ்சள் அட்டையும்

எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேருக்கு நடுவில் வாய் திறந்தாலே எனக்குக் காது சூடாகிவிடும். கடையில் பிழையான சாமானைத் தந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கக் கூச்சப்பட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து பாவிக்கிறவன். அப்படியான ஒருவன் அரசியல் கூட்டத்தைப் பற்றி எழுதுவது பொருத்தமில்லைதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் நானும் இரண்டு வசனம் பேசினேன். ஒலிவாங்கியைப் பிடித்து நான் பேசியது வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான். அதைப் பற்றி எங்கள் தமிழ் ஆட்கள் எல்லாரும் கதைத்து முடித்துவிட்டார்கள். நான் மட்டும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

சுவிசில் டீட்டிகோனுக்கும் பாடனுக்கும் இடையில் உள்ள ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். அந்த வருடம் அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல். கட்சிகளுக்குள்ளேயே யார் வேட்பாளர் என்று தெரிவு செய்யும் போட்டி மாதக்கணக்கில் இழுபட்டது. எங்கள் சாப்பாட்டு அறைத் தொலைக்காட்சியில் மதியத்தில் அதுதான் ஓடும். ஒரே கட்சிக்காரர் ஒருவரை ஒருவர் கிழித்தார்கள். எல்லையில் மதில் கட்டுவதில் யார் கெட்டிக்காரர், யார் யாரை உள்ளே விடமாட்டார், யார் கூடுதலான ஆட்களைத் திருப்பி அனுப்புவார் என்பதில் ஒருவரை ஒருவர் முந்தினார்கள்.

எங்கள் தலைமைச் சமையல்காரர் இந்த ஊரிலேயே பிறந்தவர். அவர் கரண்டியால் தொலைக்காட்சியைக் காட்டிச் சிரிப்பார்.

"இங்கே இப்படி நடக்காது. நாங்கள் ஒருவன் கழுத்தை அறுப்பதென்றாலும் முதலில் அவனுக்கு ஒரு கிளாஸ் வைன் ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் அறுப்போம்."

எல்லாரும் சிரித்தோம். பாத்திரம் கழுவும் இடத்தில் என்னோடு வேலை செய்த எரித்திரியப் பெண்ணும் சிரித்தாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது முப்பதுக்கு மேல். தனியாக ஒரு சின்ன மகளோடு வந்தவள். ஊரின் பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தைக் கெமைண்டே, அதாவது ஊராட்சி, அகதிகளுக்கான வீடாக வைத்திருந்தது. அங்கே மேல்மாடியில் ஓர் அறை அவர்களுக்கு. மகள் அந்த வருடம்தான் இந்த ஊர்ப் பாலர் பாடசாலையில் சேர்ந்திருந்தாள். எங்கள் காலை வேலை முதல் பஸ் ஓடுவதற்கு முன்பே தொடங்கிவிடும். அவள் நடந்து வரக்கூடிய தூரத்தில் இருந்ததால்தான் அந்த வேலை கிடைத்தது. அந்த வீட்டை மூடிவிட்டால் கன்டோன், அதாவது மாநில அரசு, அவர்களை வேறு எங்காவது அனுப்பும். அறையும் வேலையும் பள்ளிக்கூடமும் சேர்ந்தே போகும். இது அவளுக்கும் எனக்கும் நன்றாகத் தெரிந்த விஷயம்.

அந்த வீடு எனக்குப் புதிதல்ல. நான் சுவிசுக்கு அகதியாக வந்தபோது அதே மாடியில், குளியலறைக்குப் பக்கத்து அறையில் இருந்தேன். அடுத்த அறையில் அக்காவும் அத்தானும். அக்காவின் மகள், என் மருமகள், அங்கே இருக்கும்போதுதான் பிறந்தாள். ஓடித் திரியும் வயதுவரை அங்கேயே வளர்ந்தாள். படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துத்தான் நடக்கப் பழகினாள். இதையெல்லாம் எரித்திரியப் பெண்ணுக்குச் சொல்லியிருந்தேன்.

"வலது பக்கக் குழாயை முழுதாகத் திறக்காதே, சுவர் முழுக்க அதிரும்" என்றேன் ஒருநாள்.

"இப்போதும் அதிருகிறது. உங்கள் காலத்திலிருந்து ஒருவரும் திருத்தவில்லையா?"

"நாங்கள் கேட்கப் பயந்தோம்."

"நாங்கள் கேட்டோம். அப்படியும் திருத்தவில்லை" என்று சிரித்தாள்.

அக்கா மட்டும் அந்த வீட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை. யாராவது கேட்டால், "வந்தவுடனை டீட்டிகோனிலை வீடு எடுத்திட்டம்" என்பாள். பிறகு அதை அவளே நம்பத் தொடங்கிவிட்டாள் என்று நினைக்கிறேன்.

மருமகள் கெட்டிக்காரி. சட்டம் படித்து, பாடனில் ஓர் அலுவலகத்தில் வேலை. ஊராட்சி மன்றத்தில் ஏற்கெனவே உறுப்பினர். பழைய ஊராட்சித் தலைவர் விலகப்போகிறார் என்றதும் அவளுடைய கட்சிக்குள் இரண்டு பேர் அந்த இடத்துக்குக் கேட்டார்கள். ஒன்று இவள். மற்றவர் கூரை வேலை செய்யும் நிறுவனம் வைத்திருந்த ஓர் ஊர்க்காரர். எங்கள் ஊரில் அந்தக் கட்சி நிறுத்துகிற ஆள்தான் தலைவராக வருவது வழக்கம். அதனால் கட்சிக் கூட்டத்தில் யார் வெல்கிறாரோ அவருக்கு மிச்சம் சும்மா ஒரு சடங்குதான்.

அந்தக் கூரைவேலைக்காரரைக் கெட்ட மனிதர் என்று எழுத எனக்கு மனமில்லை. அவருடைய தாயார் எங்கள் இல்லத்தில்தான் இருந்தார். பார்க்க வரும்போதெல்லாம் சமையலறை யன்னலைத் தட்டி எனக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போவார். ஆனால் இலையுதிர்காலத் தொடக்கத்தில் நடந்த முதல் விவாதத்தில் அவர் இப்படிப் பேசினார்:

"நான் இந்த ஊர்க் கூரைகள் எல்லாவற்றிலும் ஏறியவன். எனக்கு ஒருவர் மேலும் கோபமில்லை. ஆனால் ஓர் ஊருக்கு ஒரு முகம் உண்டு. காலையில் கண்ணாடி பார்க்கிறபோது அந்த முகம் தெரியவேண்டும்."

கை தட்டினார்கள். பின்னாலிருந்து ஒருவர், "ஆகஸ்ட் முதலாம் தேதி தேசிய தினத்துக்கு சொசேஜுக்குப் பதிலாகக் கறியா தரப்போகிறார்கள்?" என்று கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். மருமகளும் சிரித்தாள். "கறியிலும் சொசேஜ் போடலாம்" என்று பதில் சொன்னாள். நல்ல பதில்தான். ஆனால் அன்று அக்காவின் வீட்டுக்கு வந்தபோது மருமகளின் முகம் சரியில்லை.

"அவர் என்னைப் பற்றி ஒண்டுமே சொல்லேல்லை மாமா. அதுதான் பிரச்சினை. சொல்லியிருந்தால் பதில் சொல்லலாம்."

அத்தான் சோபாவில் இருந்து எழும்பிவிட்டார். "கறுப்பி எண்டு நேரை சொல்ல அவருக்கு வெக்கம். அதுதான் முகம், கண்ணாடி எண்டு சுத்துறார். பிள்ளை, நான் சொல்லுறதைக் கேள். நாங்கள் அவையள் மாதிரி இல்லையெண்டு சொல்லு. பள்ளிக்கூட வீட்டிலை இருக்கிற அந்தக் காப்பிலியளைப் பற்றிக் கதை. வெள்ளையளின்ரை கை எல்லாம் உனக்குத்தான் எழும்பும்."

"அப்பா! அந்தச் சொல்லை என்ரை முன்னாலை சொல்லாதேங்கோ."

"சரி, சொல்லேல்லை. ஆனால் யோசி."

அக்கா தேத்தண்ணியை வைத்துவிட்டு, "அவர் சொல்லுறதிலையும் ஒரு நியாயம் இருக்குத்தானே" என்றாள். நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருமகள் தேத்தண்ணியை எடுத்துக் குடித்தாள். அந்தச் சொல்லை மட்டும்தான் அவள் வேண்டாமென்றாள், யோசனையை அல்ல என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

அதற்குப் பிறகு ஊர்ப் பத்திரிகையில் பள்ளிக்கூட வீட்டைப் பற்றிய கதை வரத் தொடங்கியது. கூரைவேலைக்காரர், அதை மூடுவது பற்றி யோசிக்க வேண்டும் என்றார். மருமகள், யோசிப்பது போதாது என்றாள். அவர், இரண்டு வருடத்துக்குள் என்றார். தொலைக்காட்சியில் பார்த்த அமெரிக்கர்கள் என் நினைவுக்கு வந்தார்கள். இங்கே குரல் தணிந்திருந்தது, அவ்வளவுதான்.

எரித்திரியப் பெண் பத்திரிகையைச் சமையலறைக்குக் கொண்டுவந்தாள்.

"உங்கள் மருமகள் என்ன நினைக்கிறாள்?"

"தேர்தலுக்காகப் பேசுகிறாள்" என்றேன். "அவள் அந்த வீட்டில் நடக்கப் பழகினவள். மூடமாட்டாள்."

"கேட்டீர்களா?"

"கேட்கத் தேவையில்லை."

அவள் பத்திரிகையை மடித்து மேலங்கிப் பையில் வைத்தாள்.

வேட்பாளர் தெரிவுக் கூட்டம் நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. இந்த நாட்டில் இப்படியான கூட்டத்தின் முடிவில் வைனும் கொறிக்க ஏதாவதும் வைப்பார்கள். அப்பெரோ என்பார்கள். எங்கள் ஆட்களுக்கு அது போதுமா? பிள்ளையின் பெரிய நாள், வெறும் கடலையும் சீஸ் துண்டும் வைத்தால் என்ன மரியாதை? சாப்பாடு நாங்கள் தருகிறோம் என்று அத்தான் கட்சிக்காரரிடம் சொல்லிவிட்டார். ரோல்ஸ் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது.

"உங்கடை கிச்சினிலை உதவிக்கு ஆரும் வருவினமோ தம்பி? தட்டுத் தூக்க, கிளாஸ் எடுக்க?" என்று அக்கா கேட்டாள்.

நான் எரித்திரியப் பெண்ணைக் கேட்டேன். உடனே சம்மதித்தாள். மருமகளை நேரில் பார்க்கலாம் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். எனக்கும் அதே நினைப்பு. மகளைப் பக்கத்து அறைப் பெண்ணிடம் விட்டுவிட்டு வந்து, என்னோடு உருளைக்கிழங்கும் ஆட்டிறைச்சியும் பிரட்டி, ரொட்டியில் சுற்றி, முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டினாள். என்னைவிட இறுக்கமாகச் சுற்றினாள். எண்ணெய்யில் அவள் சுற்றியது ஒன்றும் வெடிக்கவில்லை.

மருமகள் தொலைபேசியில் எடுத்தாள். "மாமா, நீங்கள் வந்தால் போதும். வாக்குக் கேக்கேக்கை அட்டையைத் தூக்குங்கோ. ஒண்டும் கதைக்க வேண்டாம்."

"நான் எங்கை பிள்ளை கதைக்கிறது" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

மண்டபத்து வாசலில் கட்சி உறுப்பினர்களுக்கு மஞ்சள் அட்டை கொடுத்தார்கள். வாக்களிக்கிறபோது அதை எல்லாரும் பார்க்க உயர்த்த வேண்டும். குடியுரிமை எடுத்த எங்கள் சொந்தக்காரரை எல்லாம், என்னையும்தான், அத்தான் முன்பே கட்சியில் சேர்த்துவிட்டார். அவர்கள் சாமத்தியவீட்டு விழாவுக்கு வருவதுபோல் பட்டுச்சேலையும் கோட்டுமாக வந்து முன்வரிசைகளில் இருந்தார்கள். ஊர்க்காரர் குளிர்ச் சட்டையோடு பின்னால் இருந்தார்கள். கூட்டங்களில் முன்வரிசையை வெறுமையாக விடுவது இங்கத்தைய பழக்கம். எங்கள் ஆட்களுக்கு அது தெரியாது.

"ரோல்ஸுக்கு வாக்கா?" என்று ஒருவர் எனக்குக் கேட்கவே சொன்னார்.

"சாப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடு" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

நான் சுவர் ஓரமாக, சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் இருந்தேன். எரித்திரியப் பெண் கிளாஸ்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கூரைவேலைக்காரர் முதலில் பேசினார். முகம், கூரை, கண்ணாடி, எல்லாம் திரும்ப வந்தன. பள்ளிக்கூட வீடு இரண்டு வருடத்துக்குள் மூடப்படும் என்றார். பிறகு மருமகள் எழுந்தாள். குறிப்பு இல்லாமல் பேசினாள். அவள் பேசும் சுவிஸ் ஜெர்மன் இந்த ஊரில் பிறந்தவர்களுடையது போலத்தான் இருக்கும். ஏனென்றால் அவளும் இந்த ஊரில் பிறந்தவள்.

"முகத்தைப் பற்றிப் பேசினார்கள். என் முகத்தைப் பாருங்கள். என் பெற்றோர் இந்த நாட்டுக்கு வந்தபோது யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. ஊராட்சியின் கூரைக்குக் கீழே ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. முதல் வாரமே வேலைக்குப் போனார்கள். அதோ சுவர் ஓரத்தில் இருக்கிறார் என் மாமா. உங்கள் அம்மா அப்பாவுக்கு வருடக்கணக்காகச் சூப் வைப்பவர். மாமா, எழும்புங்கள்."

எல்லாரும் திரும்பினார்கள். நான் எழுந்தேன்.

"இப்படி வந்தவர்களும் இருக்கிறார்கள். இன்று பள்ளிக்கூட வீட்டில் இருப்பவர்கள் வேறு. அவர்கள் முதல் நாளே சாவி கேட்கிறார்கள், இன்டர்நெட் கேட்கிறார்கள், பழகவோ வேலை செய்யவோ கேட்பதில்லை. சிலரால் இங்கே பொருந்த முடியும், சிலரால் முடியாது. இதைச் சொல்ல என்னைவிடத் தகுதி யாருக்கு? அந்த வீட்டை முதல் வருடமே மூடுவேன்."

பின்வரிசைகள் தட்டின. முன்வரிசையில் எங்கள் ஆட்கள் அதைவிடப் பலமாகத் தட்டினார்கள். நான் மேசைப் பக்கம் பார்த்தேன். எரித்திரியப் பெண் ஒரு கிளாஸைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ காய்ந்துவிட்டது.

கூட்டத் தலைவர் ஒரு நல்ல மனிதர். நான் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து, ஏதோ சொல்ல நிற்கிறேன் என்று நினைத்துவிட்டார். என்னைத் திரும்ப இருக்கச் சொல்லாததால் நின்றேன், அவ்வளவுதான். ஒலிவாங்கியை அனுப்பிவிட்டார். அது கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. வேண்டாமென்று சொல்லித் திருப்பிக் கொடுக்க எனக்குக் கூச்சம்.

நான் சொன்னது இதுதான்: "நாங்களும் அந்தப் பள்ளிக்கூட வீட்டில்தான் இருந்தோம். என் மருமகள் அங்கேதான் நடக்கப் பழகினாள், நல்ல வீடு."

ஏன் சொன்னேன் என்று பலர் கேட்டுவிட்டார்கள். எனக்குச் சரியாகத் தெரியாது. மருமகளுக்கு அது மறந்துபோயிருக்கும், நினைவுபடுத்தினால் மனம் மாறுவாள் என்று நினைத்தேனோ? அல்லது கிளாஸ் துடைத்தவளுக்குத்தான் சொன்னேனோ? பேசி முடித்தபோது அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய கழுத்து மட்டும் எனக்குத் தெரிந்தது.

கூரைவேலைக்காரர் இருந்த இடத்திலிருந்தே, கோபமில்லாமல், சிரித்தபடி சொன்னார்: "அப்படியென்றால் அந்த வீட்டை என்னைவிட உங்கள் மருமகளுக்கு நன்றாகத் தெரியும். அதை மூட அவருக்கு மனம் வராது. எனக்கு வரும்."

சிரிப்பு எழுந்தது. அதோடு முடிந்தது.

அட்டைகளை உயர்த்தச் சொன்னார்கள். மருமகளின் பெயர் வந்தபோது நானும் உயர்த்தினேன். என்ன நடந்தாலும் அவள் என் அக்காவின் பிள்ளை. மேசைப் பக்கத்திலிருந்து எரித்திரியப் பெண் என் அட்டையைப் பார்த்தாள். முன்வரிசைகள் மஞ்சளாக நின்றன. பின்னால் அங்கொன்று இங்கொன்று. கூரைவேலைக்காரரின் பெயருக்கு உயர்ந்ததை எண்ண வேண்டிய தேவையே இருக்கவில்லை.

பிறகு ஊர்க்காரர் எல்லாரும் சாப்பிட்டார்கள். தோற்ற பிள்ளையின் சாப்பாடு என்று யாரும் ஒதுக்கவில்லை. வைன் ஊற்றினார்கள், ரோல்ஸை இரண்டு இரண்டாக எடுத்தார்கள். கூரைவேலைக்காரர் என்னிடம் வந்து, "நீங்களா செய்தீர்கள்? அருமை" என்று கையைக் குலுக்கினார். எங்கள் ஆட்கள் ஒருவரும் தொடவில்லை. ஒவ்வொரு குடும்பமாகக் கோட்டை மாட்டிக்கொண்டு போனார்கள்.

மருமகள் மேலங்கிகள் தொங்கும் இடத்தில் தனியாக நின்றாள்.

"ஒண்டும் கதைக்க வேண்டாம் எண்டனான் மாமா."

"நீ அங்கைதான் நடக்கப் பழகினனீ பிள்ளை. உனக்கு ஞாபகம் இல்லையாக்கும் எண்டு..."

"ஞாபகம் இருக்கு." அவள் பொத்தான்களைப் போட்டாள். "அந்தப் படி, அந்தக் கைப்பிடி எல்லாம் ஞாபகம் இருக்கு. உங்கடை அறைப் பக்கத்துத் தண்ணிக்குழாய் சத்தமும் ஞாபகம் இருக்கு."

"பிறகேன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீ?"

"வேறை என்னத்தைச் சொல்லி இவையளிட்டை வெல்லுறது? நீங்கள் சொல்லுங்கோ."

பதிலுக்குக் காத்திராமல் அவள் போய்விட்டாள்.

மண்டபம் வெறுமையானதும் நானும் எரித்திரியப் பெண்ணும் தட்டுகளை அடுக்கினோம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் முந்திவிட்டாள்.

"ஒன்றும் மிஞ்சவில்லை" என்றாள். பிறகு, "உங்கள் மருமகளின் ஜெர்மன் மிக அழகு. என் மகளும் ஒருநாள் அப்படிப் பேசுவாள்" என்றாள். அதை எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

பின்னால் நடந்தது எல்லாருக்கும் தெரியும். கூரைவேலைக்காரர் தலைவரானார். வருகிற போகிற நேரமெல்லாம் யன்னலைத் தட்டி வணக்கம் சொல்வதை அவர் நிறுத்தவில்லை. இரண்டு வருடம்கூட ஆகவில்லை, பள்ளிக்கூட வீட்டைப் பூட்டிவிட்டார்கள். எரித்திரியப் பெண்ணையும் மகளையும் கன்டோனின் மறுகோடியில் ஒரு கிராமத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து எங்கள் காலை வேலைக்கு வர வழியில்லை. கடைசி நாளில் தலைமைச் சமையல்காரர் அவளுக்கு ஒரு கிளாஸ் வைன் ஊற்றிக் கொடுத்தார். அவர் முன்பு சொன்ன பகிடி அவருக்கு ஞாபகம் இருந்ததோ தெரியாது. மருமகள் கட்சியிலிருந்து விலகிவிட்டாள். அக்கா என்னோடு நெடுங்காலம் கதைக்கவில்லை. இப்போது கதைக்கிறாள், ஆனால் சுகநலம் மட்டும். கட்டடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. அந்தக் குழாயைத் திருத்தினார்களோ தெரியாது.

கூட்டத்துக்கு மறுநாள் சனிக்கிழமை. எனக்குக் காலை வேலை. எரித்திரியப் பெண்ணும் வந்திருந்தாள். மதியத்துக்குக் கரட் சூப். கூரைவேலைக்காரரின் தாயாருக்கு உப்புக் குறைத்து வைக்க வேண்டும், அப்படியே வைத்தேன். அவள் கோப்பைகளைக் கழுவினாள், நான் துடைத்து அடுக்கினேன்.